ஆணியில் ஒரு டோக்கன்

மேட்டில் ஏறும் இடத்தில் ஒரு பலகை நட்டிருக்கும். அதில் வரிசையாக ஆணிகள். ஓர் ஆணியில் மட்டும் பித்தளை டோக்கன் ஒன்று தொங்கும். அதை யாரும் தொடக் கூடாது. மற்ற ஆணிகள் எங்களுக்கு.

நாங்கள் என்றால் ஞாயிற்றுக்கிழமை பறக்கும் பிளாஸ்டிக் தட்டு எறிய வருகிறவர்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஓட்டை போட்ட ஒரு சோடா மூடி உண்டு. தட்டை எடுத்துக்கொண்டு மேலே போகும்போது மூடியை ஆணியில் மாட்ட வேண்டும். தட்டோடு கீழே வந்ததும் மூடியை எடுத்துக்கொள்ள வேண்டும். மூடி தொங்கினால் தட்டு இன்னும் மேட்டில் இருக்கிறது என்று அர்த்தம். அப்படித் தொங்கும்வரை ஆட்டத்தை நடத்துகிறவர் வீட்டுக்குப் போக மாட்டார்.

அவர் பெயர் வேண்டாம். துறைமுகத்தில் கலாசி. கப்பலில் சரக்கைச் சங்கிலி போட்டுக் கட்டுவதும் அவிழ்ப்பதும் வேலை. வீடு ராயபுரத்தில், கோயில் மணி கேட்கும் தூரத்தில். நாங்கள் கலாசி அண்ணே என்று கூப்பிட்டோம். நான் பொக்லைன் ஓட்டுகிறவன். அவரோடு ஏழெட்டு வருஷம் தட்டு எறிந்தேன்.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் வழியில், கடலோர ரோட்டை ஒட்டி ஒரு கான்ட்ராக்டர் யார்டு இருந்தது. துறைமுகத்தில் தோண்டிய மணல், இடித்த கட்டடத்தின் கல், பட்டறையிலிருந்து வரும் இரும்புக் கசடு எல்லாவற்றையும் லாரி லாரியாக அங்கே கொட்டினார்கள். கொட்டிக் கொட்டி அது முதுகு முதுகாக எழுந்து நின்றது. உச்சியில் நின்றால் தெற்கே கிரேன்கள், வடக்கே புகைபோக்கிகள், கிழக்கே கடல். எங்கள் பக்கத்தில் வேறு மலை கிடையாது. பிள்ளைகள் அதைத்தான் மலை என்றார்கள்.

அந்த யார்டில் அவருடைய தம்பி அந்தோணி கூலி ஆளாக இருந்தான். கேட்டில் நுழையும்போது ஆளின் டோக்கனைப் பலகையில் மாட்டுவார்கள். போகும்போது அவன் எடுத்துக்கொண்டு போக வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மழை நாளில் மேட்டின் கடல் பக்கம் சரிந்தது. ஆட்கள் ஓடி வெளியே வந்தார்கள். அவரவர் டோக்கனை எடுத்துக்கொண்டார்கள். அந்தோணியின் டோக்கன் மட்டும் தொங்கியது.

கான்ட்ராக்டர், சுவர் ஏறிக் குதித்து ஓடியிருப்பான் என்றார். மறுநாளே சரிந்த இடத்தின் மேல் புதிதாக மண் கொட்டச் சொன்னார். அண்ணன்காரர் போய் லாரிக்கு முன்னால் நின்றார். நாலு பேர் அவரைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். லாரி கொட்டிவிட்டுப் போனது. ஸ்டேஷனில் ஆளைக் காணோம் என்று எழுதிக்கொண்டார்கள். ஆள் கணக்கு எழுதும் டைம் ஆபீஸில் அவரைக் கூப்பிட்டு, டோக்கனை எடுத்துக்கொண்டு போய்விடு, கணக்கை முடித்துவிடுகிறோம் என்றார்கள்.

"அவன் வந்து எடுத்துக்குவான்" என்றாராம். தொடவில்லை.

கொஞ்ச காலத்தில் கான்ட்ராக்டர் யார்டைக் காலி செய்துகொண்டு போனார். டைம் ஆபீஸ் கூரையைப் பிரித்தார்கள். பலகையை டோக்கனோடு குப்பையில் போட்டார்கள். இவர் அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் மேட்டின் அடியில் நட்டார்.

இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் அதன் மேல் ஏறி விளையாடினோம்.

*

தட்டு அவருக்குக் கப்பலில் கிடைத்தது. ஏதோ வெள்ளைக்கார மாலுமி. சரக்கு இறங்கும்வரை பொழுது போகாமல் டெக்கில் இதை எறிந்துகொண்டிருந்தானாம். அவன் ஊரில் இதற்கென்றே மேடும் பள்ளமுமாக மைதானம் இருக்கிறது, கம்பம் நட்டுச் சங்கிலி தொங்கவிட்டிருப்பார்கள், தூரத்திலிருந்து எறிந்து எறிந்து கடைசியில் சங்கிலியில் விழவைக்க வேண்டும், குறைந்த தடவை எறிந்தவன் ஜெயித்தான் என்று கையால் காட்டினான். போகும்போது மூன்று தட்டு கொடுத்துவிட்டுப் போனான்.

கம்பம் நடப் பள்ளம் தோண்ட வேண்டும் என்றதும் இவர் மனசில் ஒன்று உதித்திருக்கிறது.

மேட்டில் யாரும் தோண்டக் கூடாது. இரும்பு பொறுக்குகிறவர்கள் வந்துவிடுவார்கள் என்று நிலத்துக்காரர் ஒரு வாட்ச்மேனைப் போட்டிருந்தார். செங்கம் பக்கத்து ஆள். கடப்பாரையோடு யாரைப் பார்த்தாலும் விசில் ஊதுவார். ஆனால் விளையாட்டுக்குக் கம்பம் நடலாமா என்று கேட்டால் எந்த வாட்ச்மேனும் யோசிப்பார். இவர் கேட்டார். அவர் யோசித்துவிட்டு, நட்டுக்கோ என்றார்.

அப்படித்தான் ஒன்பது கம்பம் வந்தது. ஜிஐ பைப். மேலே டிரம் வளையம். வளையத்தைச் சுற்றித் துறைமுகத்தில் கழித்துப் போட்ட சங்கிலித் துண்டுகள். அடியில் மீன் கூடை. தட்டு வந்து சங்கிலியில் பட்டால் கலகலவென்று சத்தம் வந்து கூடையில் விழும். அந்தச் சத்தம் கேட்டால் மனசு லேசாகும். எனக்கு மட்டும் இல்லை, வந்த எல்லாருக்கும்.

கம்பம் நடுவதற்கு முழங்கால் ஆழம் போதும். அவர் ஆள் ஆழம் தோண்டுவார். தோண்டி உள்ளே இறங்கி நின்று நாலு பக்கமும் கையால் தடவிப் பார்ப்பார். பிறகு மேலே வந்து பாதிக்கு மூடிக் கம்பத்தை நடுவார். அடுத்த மாசம் அந்தக் கம்பம் சரியில்லை என்பார். பத்தடி தள்ளி வேறு பள்ளம்.

"இன்னா கலாசி, மறுபடியும் பள்ளமா?" வாட்ச்மேன் கீழேயிருந்து கத்துவார்.

"காத்து மாறிப்போச்சு. கம்பத்த நகத்தணும்."

"போன மாசந்தானே மாறுச்சு."

"கடல் காத்துய்யா. உன்னைக் கேட்டுகினா மாறும்?"

வாட்ச்மேனுக்குத் தெரியாமல் இல்லை. அவருக்கும் செங்கத்தில் ஒரு தம்பி இருந்தான்.

இப்படி எங்கள் மைதானம் மாசா மாசம் மாறிக்கொண்டே இருந்தது. போன வாரம் இறக்கத்தில் எறிந்த கம்பத்துக்கு இந்த வாரம் ஏற்றத்தில் எறிவோம். சரிந்த சரிவில் மணல் மூட்டை அடுக்கிப் படி செய்தார். மழைத் தண்ணீர் அரிக்காமல் இருக்க வாய்க்கால் வெட்டினார். கடற்கரையிலிருந்து அடும்புக் கொடி கொண்டுவந்து நட்டு மணலைப் பிடிக்க வைத்தார். கருவேல முள்ளை வெட்டி எரித்தார். பார்க்கிறவர்களுக்கு இந்த ஆள் விளையாட்டுப் பைத்தியம் என்று தோன்றும். மேடு சரிந்தால் உள்ளே இருப்பவன் இன்னும் கீழே போய்விடுவான் என்பது அவர் கணக்கு.

அவர் எறிவது சுமார்தான். காற்றுக்கு எதிரில் தட்டைத் தாழ்த்தி விடத் தெரியாது. பறந்து தலைக்கு மேல் போய்விடும். அதற்காகக் கவலைப்பட மாட்டார்.

"எறியறது இன்னா பெருசு மாமு" என்பார். "எடுத்துகினு வரணும். அதான் ஆட்டம்."

*

பாஷா என்று ஓர் ஆட்டோக்காரன் எங்களோடு வருவான். வாய் ஜாஸ்தி. நல்ல கை. ஒரு ஞாயிறு அவன் எறிந்த தட்டு காற்றில் ஏறிப் பின் சரிவு முள்ளுக்குள் போய்விட்டது. அன்று சாயங்காலம் அவன் தங்கைக்கு நிச்சயம். புதுச் சட்டை வீட்டில் காத்திருந்தது.

"அண்ணே, நாளிக்கு தேடிக்கலாம்."

"மூடி தொங்குதே."

"தொங்கட்டும். தட்டு இன்னா பொண்ணா, யாராவது இட்டுகினு பூடுவானா?"

"நீ போ நைனா. நான் பாக்கறேன்."

பாஷா போனான். நானும் போனேன். நிச்சய வீட்டில் பிரியாணி எடுத்து வைக்கும் நேரத்துக்கு வாசலில் அவர் நின்றார். முகம், கை எல்லாம் முள் கீறிய ரத்தம். கக்கத்தில் தட்டு. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

பாஷா ஓடிவந்து, "உள்ள வாண்ணே, சாப்புடு" என்றான்.

"வந்து மூடிய எடு."

"நீயே எடுத்துட்டு வர வேண்டியதுதானே?"

"உன் மூடி. நீதான் எடுக்கணும்."

பாஷா சிரித்துப் பார்த்தான். அவர் சிரிக்கவில்லை. சத்தமும் போடவில்லை. வாசலில் நின்றுகொண்டே இருந்தார். பாஷா புதுச் சட்டையோடு ஆட்டோவை எடுத்தான். என்னையும் ஏற்றிக்கொண்டான். மேட்டடிக்குப் போய் மூடியை எடுத்தான். அதன் பிறகுதான் அவர் வந்து பந்தியில் உட்கார்ந்தார். இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டார்.

"இந்தாளு பேஜாரு மச்சான்" என்றான் பாஷா என் காதில். "ஆனா ஒண்ணு. நான் எங்கனா காணாம போனா, தேடறதுக்கு ஒரு ஆளு கீது."

*

பைப்பின் மேல் வாய் திறந்திருக்கும். மத்தியானம் கடல் காற்று ஏறினால் உள்ளே புகுந்து ஊளையிடும். ஒன்பது கம்பமும் சேர்ந்தால் யாரோ விசில் அடிக்கிற மாதிரி இருக்கும். பழகாதவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒருநாள் பள்ளத்துக்குள் நின்றவர் கடப்பாரையை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார்.

"கேக்குதா?" என்றார்.

"பைப்புண்ணே. காத்து."

"பாட்டு மாதிரி கீது."

எனக்கு வெறும் ஊளைதான் கேட்டது. அடுத்த ஞாயிறு நான் களிமண் பிசைந்து ஒன்பது பைப்பின் வாயையும் அடைத்தேன். மத்தியானம் காற்று வந்தது. சங்கிலி ஆடியது. ஊளை இல்லை. எல்லாரும் அப்பாடா என்றார்கள். அவர் மட்டும் பள்ளத்துக்குள் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"இப்பவும் கேக்குது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எனக்கு ஒண்ணு புரியல நைனா. அந்தோணிக்கு விசில் வராது" என்றார்.

அந்தோணிக்கு முன் பல் இரண்டும் கிடையாது. சின்ன வயதில் கிரேன் கொக்கி அடித்துப் போனது. காற்றுதான் வரும், சத்தம் வராது. தெருப் பிள்ளைகள் அதை வைத்துக் கிண்டல் செய்வார்களாம். அதனால் அவருக்கு நன்றாக ஞாபகம்.

பள்ளத்துக்குள் இறங்கி அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். மண் குளிர்ச்சியாக இருந்தது. எனக்கு எதுவும் கேட்டது என்றும் சொல்ல மாட்டேன், கேட்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன். சீக்கிரம் மேலே ஏறிவிட்டேன்.

கல்லறைத் திருநாளுக்கு ராயபுரமே காசிமேட்டுக் கல்லறைக்குப் பூவும் மெழுகுவத்தியுமாகப் போகும். அவர் போக மாட்டார். ஒரு வருஷம் அவர் தங்கச்சி ஒரு கட்டு மெழுகுவத்தி எடுத்துக்கொண்டு மேட்டுக்கே வந்தது. ஒவ்வொரு கம்பத்தடியிலும் ஒன்று ஏற்றலாம் என்று.

"வாணாம்" என்றார்.

"ஒரு வத்தி ஏத்தனா இன்னாண்ணா கெட்டுப்போச்சு? செத்தவனுக்கு வெளிச்சம் வேணாவா?"

"உள்ள போனவன் இன்னும் வெளிய வரல. வரட்டும். அப்பறம் ஏத்து."

"நீ ஒரு கல்லு" என்று தங்கச்சி அழுதது. அவர் அந்தக் கட்டை வாங்கிப் பத்திரமாகத் துணியில் சுற்றி வீட்டுப் பரணில் வைத்தார்.

*

பிறகு ஒரு ஞாயிறு. வெயில் தாழ்ந்திருந்தது. நாங்கள் மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். பலகைக்கு முன்னால் ஒருவன் நின்றிருந்தான். மெலிந்த ஆள். தோளில் ரெக்சின் பை. கையை நீட்டி அந்த டோக்கனைத் தொடப் போனான்.

"டேய்! கைய எட்ரா!" பாஷா கத்தினான். நானும் கத்தினேன்.

அவன் திரும்பினான். வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தான். முன் பல் இரண்டும் இல்லை.

பாஷா படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவர் மட்டும் அதே நடையில் இறங்கினார். கிட்டே போய் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். தோளைத் தட்டிப் பார்த்தார். உப்பு மூட்டையைத் தட்டிப் பார்க்கிற மாதிரி.

"அண்ணா" என்று அவன் காலில் விழுந்தான்.

அந்தோணி ஒரு தெலுங்குப் பெண்ணை இழுத்துக்கொண்டு விசாகப்பட்டினம் ஓடியிருக்கிறான். பெண்ணுக்கு மூன்று அண்ணன்கள். கத்தி எடுக்கிறவர்கள். மேடு சரிந்த அன்று காலை அவன் வேலைக்கு வந்தானா என்று கேட்டில் வந்து பார்ப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். பலகையில் டோக்கன் தொங்கினால் ஆள் உள்ளேதான் என்று சாயங்காலம்வரை காத்திருப்பார்கள். அதற்குள் ரயில் நெல்லூரைத் தாண்டிவிடும்.

"அப்ப டோக்கன் எப்படிடா உள்ள வந்துது?" என்றார்.

"பத்லி அனுப்பிச்சேன்ணா."

எங்கள் பக்கத்தில் இது சகஜம். நமக்கு முடியாத நாளில் வேறு ஓர் ஆளை நம் டோக்கனைக் கொடுத்து அனுப்புவது. அவனுக்குப் பத்லி ஆள் என்று பெயர். கேட்டில் டோக்கனைத்தான் பார்ப்பார்கள், மூஞ்சியைப் பார்க்க மாட்டார்கள்.

"யாரை?"

"பேரு தெரியாதுண்ணா. ரயில் ஸ்டேஷன் வாசல்ல படுத்துகினு இருப்பான். எந்த ஊரோ. வேலை கீதாண்ணு கேட்டுகினே இருந்தான். டோக்கனக் குட்தேன், கம்பூட்ஸக் குட்தேன், போய்ட்டான். மேடு சரிஞ்சதே எனக்கு அங்க போய் ரொம்ப நாள் கழிச்சித்தான் தெரியும். அப்பறம் பயம். அப்பறம் வெக்கம்."

"வேற இன்னா தெரியும் அவனப் பத்தி?"

அந்தோணி யோசித்தான். "ஒண்ணும் தெரியாதுண்ணா. சும்மா விசில் அடிச்சிகினே இருப்பான். நல்லா அடிப்பான். பாட்டு மாதிரி இருக்கும்."

காற்றில் மேலே சங்கிலி ஆடும் சத்தம் கேட்டது.

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்தோணி மறுபடியும் டோக்கனை எடுக்கக் கையை நீட்டினான். அவர் அந்தக் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார்.

"அது உன்னுது இல்ல" என்றார். "உள்ள ஆளு கீது."

*

இனி தோண்ட மாட்டார் என்று நினைத்தோம். தம்பி வந்தாயிற்று. தெருவில் எல்லாருக்கும் சந்தோஷம். தங்கச்சி கோயிலில் பூசைக்குக் கொடுத்தது. அந்தோணி அந்தப் பெண்ணையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து ராயபுரத்திலேயே குடி இருந்தான்.

அடுத்த ஞாயிறு நான் போனபோது அவர் பள்ளத்துக்குள் இருந்தார். முன்னைவிட வேகமாகத் தோண்டிக்கொண்டிருந்தார்.

வாட்ச்மேன் மேலேயே ஏறி வந்துவிட்டார். "கலாசி, உனக்கென்ன பைத்தியமா? ஆள்தான் முழுசா வந்துட்டானே. இன்னும் யாரைத் தேடுற?"

"டோக்கன் தொங்குது."

"அவன் யாரோ, எவனோ."

"ஆமா. எவனோ." மண்ணை வெளியே எறிந்தார். "அந்தோணியத் தேட நான் இருந்தேன். இவனுக்கு யாரு கீறா?"

வாட்ச்மேன் நின்று பார்த்துவிட்டு இறங்கிப் போனார். அதன் பிறகு பள்ளத்தைப் பற்றி அவர் கேட்டதில்லை.

மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனார்கள். தெரிந்தவன் தம்பி கீழே இருந்தபோது விளையாட முடிந்தது. யாரென்றே தெரியாதவன் இருக்கிறான் என்றதும் முடியவில்லை. ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கடைசியில் பாஷாவும் நானும் அவரும் மட்டும். அந்தோணி ஒருநாளும் மேட்டுக்கு வரவில்லை. கூப்பிட்டால், "அங்க வந்தா எனக்கு மூச்சு முட்டுதுண்ணா" என்பான்.

*

நிலத்தைக் கன்டெய்னர் யார்டுக்கு விற்றார்கள். மேட்டைச் சமம் செய்யும் வேலை என் முதலாளிக்கே வந்தது. நான் கலாசி அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"யாரு வண்டி?" என்றார்.

"என் வண்டிதாண்ணே."

"வாரி எடுக்காத நைனா. சுரண்டி எடு" என்றார்.

சுரண்டினேன். முதலாளி வந்து, என்னடா பொம்பளை கோலம் அழிக்கிற மாதிரி அழிக்கிறே என்று திட்டினார். கசடுக் கட்டி பக்கெட்டின் பல்லை உடைக்கிறது என்று சொன்னேன். கலாசி அண்ணன் துறைமுகத்துக்கு லீவு போட்டுவிட்டு தினமும் பக்கெட்டுக்குப் பக்கத்தில் நின்றார். ஒவ்வொரு பக்கெட்டு மண்ணையும் லாரியில் போடும் முன் பார்ப்பார். கம்பங்கள் ஒவ்வொன்றாகப் போயின. முதுகு முதுகாக மேடு போனது. வாரக் கணக்கில் போனது. மணல், கல், கசடு, ஒரு சைக்கிள் ரிம், எப்போதோ தொலைத்த இரண்டு தட்டு. ஆள் இல்லை.

கடைசியில் பலகை நட்டிருந்த அடிவாரம் மட்டும் மிச்சம். அங்கே தோண்ட வேண்டும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஆட்டம் தொடங்கும் இடம் அது. மணல் மூட்டை அடுக்கிச் சமமாக்கி, அதன் மேல் நின்றுதான் எல்லாரும் முதல் தட்டை எறிவோம். மூட்டை அடுக்கியது அவர். மிதித்து இறுக்கியது நாங்கள். அத்தனை வருஷம்.

பலகையைப் பிடுங்கி ஓரமாகச் சாய்த்து வைத்தார். பக்கெட்டை இறக்கினேன். மூட்டை வந்தது. அடுத்த தரம் பக்கெட்டின் பல்லில் ஒரு ரப்பர் கம்பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்தது. வெறும் பூட்ஸ் இல்லை, உள்ளே எலும்பு இருந்தது.

இன்ஜினை அணைத்தேன். சத்தம் நின்றதும் கடல் சத்தம் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை. மத்தியானம் காற்று நன்றாக இருந்தது, ஆனாலும் கேட்கவில்லை.

அவர் இறங்கிக் கையாலேயே மண்ணை விலக்கினார். சரிவோடு உருண்டு வந்து வழிக்கு அருகில் விழுந்திருக்கிறான். இன்னும் நாலு எட்டு வைத்திருந்தால் கேட். மண்டையில் பல் வரிசை முழுசாக இருந்தது. முன் பல்லும் இருந்தது. அவரும் பார்த்தார். நானும் பார்த்தேன்.

எழுந்து போய்ப் பலகையிலிருந்து டோக்கனை எடுத்தார். அதை ஆணியை விட்டு எடுத்து நான் பார்த்தது அன்றுதான். ஆணிக்குக் கீழே டோக்கனுக்குப் பின்னால் மறைந்திருந்த இடம் மட்டும் புதுசு மாதிரி வெளுப்பாக இருந்தது.

*

போலீஸ் வந்தது. யார் என்று கேட்டார்கள்.

"என் தம்பி" என்றார். "அந்தோணி."

பழைய கம்ப்ளெயின்ட் இருந்தது. தம்பி திரும்பி வந்ததை ஸ்டேஷனில் யாரும் போய்ச் சொன்னதில்லை. ஒரு கேஸ் மூடுவது அவர்களுக்கும் சௌகரியம். பெட்டியோடு போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

அந்தோணி வீட்டு வாசலில் அவரை மறித்தான். வெளுத்துப் போயிருந்தான்.

"அண்ணா, நான் உயிரோட கீறேன்."

"தெரியும்."

"அப்ப எம்பேர ஏண்ணா குட்த? நாளிக்கு நான் எந்தப் பேருல இருக்கறது? எம் புள்ள கேட்டா இன்னா சொல்றது?"

"அவன் எந்தப் பேருல உள்ள போனான்?"

அந்தோணி வழியை விட்டு விலகினான்.

"பேரு இல்லன்னா அனாதைப் பொணம்னு இஸ்துகினு போய்டுவாங்கடா. எங்கப் போட்டாங்கன்னு கூடத் தெரியாது. உம்பேருல உள்ள போனான். உம்பேருல வெளிய வரட்டும்."

"எனக்குப் பயமா கீதுண்ணா."

"இருக்கட்டும்" என்றார். "வந்து ஒரு பக்கம் தூக்கு."

தூக்கினான். முன் பக்கம் அண்ணனும் தம்பியும், பின்னால் பாஷாவும் நானும். வாட்ச்மேனும் வந்திருந்தார். பெட்டி கனமே இல்லை. காசிமேட்டுக் கல்லறையில் சாமியார் ஜெபம் சொன்னார். அந்தோணி, அந்தோணி என்று சொல்லும்போதெல்லாம் முன்னால் நின்ற தம்பி நிமிர்ந்து பார்த்தான். அவர் டோக்கனைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். சிலுவையில் வெள்ளைப் பெயின்டில் அந்தோணி என்று எழுதியிருந்தது. தங்கச்சி பரணிலிருந்த மெழுகுவத்திக் கட்டைக் கொண்டுவந்திருந்தது. எல்லாவற்றையும் ஏற்றியது. அவ்வளவு காற்றிலும் எரிந்தது.

முடிந்து எல்லாரும் கிளம்பினோம். அவர் முன்னால் போய்க் கல்லறை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பழக்கம். ஒவ்வொருவராக வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமியார் வந்தார். தங்கச்சி வந்தது. வாட்ச்மேன், பாஷா, நான். காவல்காரன் கேட்டைச் சாத்த வந்தான்.

"இரு" என்றார்.

உள்ளே பார்த்தோம். சிலுவை வரிசையில் தூரத்தில் அவன் மட்டும் நின்றிருந்தான். தன் பெயருக்கு முன்னால். நடக்கத் தெரியாதவன் மாதிரி நின்றிருந்தான்.

அவர் கைகளை வாய்க்கு இருபுறமும் குவித்து, கப்பலில் கிரேன்காரனைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார்.

"அந்தோணீ! வெளிய வாடா!"

கல்லறை முழுக்க அந்தச் சத்தம் போனது. பாஷா என் கையைப் பிடித்துக்கொண்டான். எந்த அந்தோணி வருவான் என்று ஒரு நொடி இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

தம்பி திரும்பினான். மெதுவாக நடந்து வந்தான். கேட்டைத் தாண்டினான்.

அவர் உள்ளே இன்னொரு தரம் பார்த்தார். பிறகு கேட்டை அவரே சாத்தினார்.